எட்டு மீன்கள்

ஆற்றுக்கு இந்தக் கரையில் ஒரு தொடக்கப் பள்ளி. அந்தக் கரையிலும் ஒன்று. நடுவில் ஒரு பாலம்.

இந்தக் கரைப் பள்ளியில் ஐந்தாம் வகுப்புக்குப் பாடம் எடுத்தவர் ஞானதிரவியம். ஐம்பத்தைந்து வயது. அறிவியலை அவர் நடத்தினால் மறக்காது என்று பெற்றோர் சொல்வார்கள். அந்தக் கரைப் பள்ளியில் இருந்தவர் சண்முகவடிவு. அவருக்கு முப்பத்துமூன்று.

இருவரில் சீடர் ஞானதிரவியம்தான்.

அது ஒரு பயிற்சி வகுப்பில் தொடங்கியது. சண்முகவடிவு ஒரு கண்ணாடி ஜாடியை ஆசிரியர்களுக்கு நடுவில் வைத்தார். உள்ளே கொஞ்சம் ஆற்று மணல், கொஞ்சம் வேலம்பாசிச் செடி, இரண்டு கப்பி மீன்.

"என்ன பார்க்கிறீங்க சார்?"

"மீன்."

"அப்புறம்?"

"பாசி. மணல்."

"அப்புறம்?"

"அவ்வளவுதான டீச்சர்."

சண்முகவடிவு அடுத்தவரிடம் போய்விட்டார். ஞானதிரவியம் ஜாடியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அரை மணி நேரம் கழித்து, பாசியின் ஒரு இலையிலிருந்து கடுகளவு குமிழ் ஒன்று கழன்று மேலே போனது. தாவரம் ஆக்சிஜனை வெளியிடுகிறது என்று இருபத்தொன்பது வருடமாகக் கரும்பலகையில் எழுதியவர், அது வெளியே வந்ததை அன்றுதான் பார்த்தார்.

அடுத்த சனிக்கிழமை பாலத்தைத் தாண்டிப் போனார்.

"எனக்குச் சொல்லித் தாங்க டீச்சர்."

"சொல்லித் தர என்ன சார் இருக்கு? ஒரு ஜாடி வையுங்க. நாற்பது நாள். பிள்ளைங்க தினமும் பார்த்து எழுதட்டும். நீங்க நடுவுல போகாதீங்க."

ஒரு வெள்ளிக்கிழமை வகுப்பில் ஜாடியை வைத்தார். சுவரில் ஒரு சார்ட் தொங்கியது. நாள், தண்ணீர், பாசி, மீன் என்று கட்டங்கள். தினமும் ஒரு சிட்டிகை தவிடு போட வேண்டும். திங்கள்கிழமை பாதித் தண்ணீரை ஊற்றிவிட்டுத் தெருக்குழாயில் பிடித்து நிரப்ப வேண்டும். விடுமுறை நாளில் ஒருவர் வந்து தவிடு போட்டு எழுதினால் போதும். எல்லாம் பிள்ளைகளே பேசி முடிவு செய்தார்கள். அவர் நடுவில் போகவில்லை.

ஐந்தாம் நாள் காலை அவர் வகுப்பைத் திறந்தபோது ஒரு மீன் மல்லாந்து மிதந்தது.

பிள்ளைகள் வர இன்னும் அரை மணி நேரம் இருந்தது. அவர் வீடு இரண்டு தெரு தள்ளி. வீட்டுத் தொட்டியில், கொசுவுக்காகச் சுகாதாரப் பணியாளர்கள் விட்டுப்போன கப்பி மீன்கள் நிறையப் பெருகிக் கிடந்தன. அவர் வேகமாக வீட்டுக்குப் போனார். சோற்று டப்பாவில் தண்ணீர் மொண்டு ஒரு மீனைப் பிடித்துக்கொண்டு வந்தார். செத்ததை வேப்பமரத்தடியில் போட்டு மண்ணைத் தள்ளினார்.

அன்று பிள்ளைகள் சார்ட்டில் எழுதினார்கள்: ரெண்டும் நல்லா இருக்கு.

மத்தியானம் அவருக்குச் சாப்பிட டப்பா இல்லை. பிள்ளைகளோடு வரிசையில் நின்று சத்துணவு வாங்கிச் சாப்பிட்டார். பிள்ளைகளுக்கு அது பெரிய சந்தோஷம்.

பிள்ளைகள் அழுதுவிடும் என்றுதான் முதல் தடவை மாற்றினார். இரண்டாம் தடவை இரண்டும் செத்திருந்தன. அப்போது, முதல் தடவையே சொல்லியிருக்கலாமே என்று யாராவது கேட்பார்களோ என்று மாற்றினார். அதற்குப் பிறகு காரணம் எதுவும் தேவைப்படவில்லை.

ஒருநாள் முதல் பெஞ்சுப் பையன் ஜாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றான்.

"சார், இது வேற மீன் மாதிரி இருக்கு. அதுக்கு வால்ல புள்ளி இருந்துச்சு."

"நல்லாப் பாரு."

பையன் பார்த்தான். பிறகு அவர் முகத்தைப் பார்த்தான். "ஆமா சார். அதே மீன்தான்" என்றான்.

நாற்பது நாள் முடிந்தது. சார்ட்டில் நாற்பது கட்டத்திலும் ரெண்டும் நல்லா இருக்கு என்று இருந்தது. ஞானதிரவியம் அதை அக்கரைக்கு எடுத்துக்கொண்டு போனார். சண்முகவடிவு வெகுநேரம் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது. பதினோரு பள்ளிக்கூடத்துக்கு அதைப் படி எடுத்து அனுப்பினார். மூலச் சார்ட்டைத் தன் வகுப்பில் மாட்டிக்கொண்டார்.

ஒரு மாதம் போனது.

மழைக்கு முன்னால் பள்ளித் தோட்டத்தில் அவரைக்காய் விதை ஊன்றும் நாள் வந்தது. ஞானதிரவியம் ஒவ்வொரு பிள்ளை கையிலும் இரண்டு விதை கொடுத்துக்கொண்டே வந்தார். இசக்கிப்ரியா என்ற பிள்ளை கையை நீட்டவில்லை. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள்.

"வாங்கும்மா."

"வேற யாராச்சும் வைக்கட்டும் சார்."

"ஏன்?"

மற்ற பிள்ளைகள் குழி தோண்டப் போன பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"எங் கை ராசியில்லாத கை சார்."

"யாரு சொன்னா?"

"அத்தை சொன்னாங்க. கோழி அடைக்கு முட்டை வைக்கக்கூட இப்ப என்னைய விடுறதில்ல."

"அத்தை சும்மா சொல்லியிருப்பாங்க."

"இல்ல சார். நானும் யோசிச்சுப் பார்த்தேன்."

அவள் வீட்டில் ஒரு ஜாடி வைத்திருந்தாள். பள்ளிக்கூடத்து ஜாடி போலவே. அதே இடத்து மணல், அதே பாசி. தவிடு ஒரு சிட்டிகை. திங்கள்கிழமை பாதித் தண்ணீர், அதே தெருக்குழாயிலிருந்து. சார்ட்டைப் பார்த்து நோட்டில் எழுதிக்கொண்டு போய்ச் செய்தாள். மூன்று வாரத்தில் மூன்று மீன் செத்துப்போயின.

"எல்லாமே ஒண்ணா இருந்து, ஒண்ணே ஒண்ணு மட்டும் வேறயா இருந்தா, காரணம் அதுதான்னு நீங்கதான சார் சொல்லிக் குடுத்தீங்க. மணலும் ஒண்ணு. பாசியும் ஒண்ணு. தண்ணியும் ஒண்ணு. ஸ்கூல்ல சாகல. எங்க வீட்ல செத்துச்சு. கை மட்டும்தான் சார் வேற."

ஞானதிரவியம் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். இத்தனை வருடத்தில் அவர் வகுப்பில் யாரும் ஒரு விஷயத்தை இவ்வளவு ஒழுங்காக யோசித்துச் சொன்னதில்லை. அவள் யோசித்ததில் ஓர் இடத்திலும் தப்பு இல்லை.

"அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா. உன் கை நல்ல கை" என்றார்.

"சரி சார்" என்றாள். கையை முன்னால் கொண்டுவரவில்லை.

மறுநாள் வகுப்பில் ஞானதிரவியம் அந்தப் பிள்ளை உட்கார்ந்திருந்த பக்கமே திரும்பாமல் பாடம் நடத்தினார். அதற்கடுத்த நாளும் அப்படியே. சனிக்கிழமை பாலத்தைத் தாண்டிப் போனார்.

சண்முகவடிவு வகுப்பறை ஜன்னல்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். சுவரில் அந்தச் சார்ட் தொங்கியது. ஞானதிரவியம் அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

"டீச்சர், ஒரு பிள்ளை தப்பான ஒரு முடிவுக்கு வந்துட்டா. அதை எப்படி மாத்துறது?"

"எப்படி வந்தா?"

"சரியா யோசிச்சு வந்தா."

சண்முகவடிவு துணியைக் கீழே வைத்தார்.

"சரியா யோசிச்சு எப்படி சார் தப்பான முடிவுக்கு வருவா?"

ஞானதிரவியம் சொன்னார். முதல் மீனிலிருந்து சொன்னார். பையன் சொன்ன வால் புள்ளியையும் சொன்னார். முடிக்கும்போது தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சண்முகவடிவு எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"நாற்பது நாள்ல ஒண்ணுகூடச் சாகலைன்னு பார்த்ததும் எனக்குச் சந்தேகம் வந்திருக்கணும் சார். என் ஜாடியிலயே நாலு செத்துச்சு. ஆனா எனக்குச் சந்தேகம் வரல. சந்தோஷம் வந்துச்சு. என்கிட்ட படிச்சவரு இப்படிச் செஞ்சுட்டாருன்னு. பதினோரு ஊருக்கு அனுப்பிவிட்டேன்."



"அந்தப் பிள்ளைக்கு நல்லதா ரெண்டு மீன் வாங்கிக் குடுக்கட்டுமா டீச்சர்?"

"அதுவும் செத்தா?"



"அவ கை நல்ல கைன்னு திரும்பவும் சொல்லிப் பார்க்கட்டுமா?"

"முதல்ல சொன்னப்போ நம்புனாளா?"

"இல்ல."

"நல்ல பிள்ளை" என்றார் சண்முகவடிவு.

அவர் எழுந்து போய்ச் சார்ட்டைச் சுவரிலிருந்து கழற்றினார். சுருட்டி, நூலால் கட்டி, ஞானதிரவியத்தின் மடியில் வைத்தார்.

"இதை அவகிட்ட குடுங்க."

"என்ன சொல்லிக் குடுக்க?"

"மீன் செத்துச்சுன்னு சொல்லுங்க."

"அவ்வளவுதானா?"

"அதுக்கு மேல போனா உங்களைப் பத்திப் பேச ஆரம்பிச்சிருவீங்க சார்."

திங்கள்கிழமை காலை வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் வரை ஞானதிரவியம் மனதுக்குள் பேசிப் பார்த்துக்கொண்டே நடந்தார். பெரியவர்களும் தவறு செய்வதுண்டு என்று ஒரு தொடக்கம் வைத்திருந்தார். வகுப்புக்குள் போனதும் அது மறந்துபோனது. சார்ட்டைப் பழைய ஆணியில் மாட்டினார்.

"இதுல எழுதியிருக்கிறது சரியில்ல. மீன் செத்துச்சு. நான் யாருக்கும் தெரியாம வேற மீனை விட்டேன்."

பின்னால் யாரோ சிரித்து, உடனே நிறுத்திக்கொண்டார்கள். முதல் பெஞ்சுப் பையன் எழுந்து நின்றான்.

"அப்ப அது வேற மீன்தான சார்?"

"ஆமா."

"நான் அன்னைக்குச் சொன்னேன்."

"சொன்ன. நான்தான் பொய் சொன்னேன்."

பையன் உட்கார்ந்தான். அவன் முகத்தில் கோபம்கூட இல்லை. அது இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அவருக்குத் தோன்றியது.

இசக்கிப்ரியா எழுந்தாள்.

"எத்தனை சார் செத்துச்சு?"

மூன்று என்று சொல்ல அவர் நாக்கு எழுந்தது. அதை அவரே உணர்ந்தார்.

"எட்டு" என்றார்.

அவள் சார்ட்டின் பக்கத்தில் வந்து நின்றாள். அழவில்லை. அவரைப் பார்க்கவும் இல்லை. கட்டங்களைப் பார்த்தாள்.

"எந்தெந்த நாளு சார்?"

"முதல்ல செத்தது அஞ்சாம் நாள். அது நல்லா ஞாபகம் இருக்கு. மத்தது தெரியல. நான் குறிச்சு வைக்கல."

அவள் ஐந்தாம் கட்டத்தில் பழைய எழுத்தை அடித்துவிட்டுச் செத்தது என்று எழுதினாள். மற்றக் கட்டங்களுக்கு என்ன செய்வது என்று யோசித்தாள்.

"தெரியாததுக்குக் கேள்விக்குறி போடுவோமா சார்?"

"போடும்மா."

அவள் போட ஆரம்பித்தாள். ஒவ்வொரு கேள்விக்குறியும் அவருக்கு முதுகில் அடி விழுந்த மாதிரி இருந்தது. பத்துப் பதினைந்து போட்ட பிறகு நிறுத்தினாள்.

"மீனை எதுல சார் கொண்டாந்தீங்க?"

"என் சோத்து டப்பாவுல."

"அதான் எங்ககூட சாப்பிட்டீங்களா?" என்றது ஒரு குரல்.

இன்னொரு குரல் சொன்னது: "சார் நம்மகூட சாப்பிட்ட அன்னைக்கெல்லாம் கொண்டக்கடலை. சார் ரெண்டாந்தடவை வாங்குனாங்க."

"எல்லாத் தடவையுமா?"

"ஆமா. அஞ்சு தடவை."

அந்தப் பள்ளிக்கூடத்தில் செவ்வாய்க்கிழமை மட்டும்தான் கொண்டைக்கடலைச் சாதம். பிள்ளைகள் காலண்டரைக் கழற்றிக்கொண்டு வந்து தரையில் வைத்துச் சுற்றி உட்கார்ந்தார்கள். செவ்வாய்க்கிழமைகளை எண்ணினார்கள். ஆறு வந்தது. ஐந்துதானே சாப்பிட்டார் என்று சண்டை வந்தது. பிறகு ஒருத்தி கண்டுபிடித்தாள். ஒரு வாரம் திங்கள்கிழமை விடுமுறை. அந்தச் செவ்வாய்க்கிழமை மட்டும் சார் வீட்டுச் சாப்பாடு சாப்பிட்டார். அன்று மீன் சாகவில்லை.

இசக்கிப்ரியா தன் நோட்டை எடுத்தாள். அவளுடைய மூன்று மீன்களுக்கும் தேதி இருந்தது. எல்லாம் செவ்வாய்க்கிழமை.

"திங்கக்கிழமை நாம என்ன செஞ்சோம்?" என்று யாரோ கேட்டார்கள். எல்லோரும் வாசலுக்கு வெளியே குழாயைப் பார்த்தார்கள்.

அன்றும் திங்கள்கிழமைதான். ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்து எல்லோரும் முகர்ந்து பார்த்தார்கள். ஞானதிரவியமும் முகர்ந்தார். பிளீச்சிங் பவுடர் வாடை மூக்கில் ஏறியது. தண்ணீர்த் தொட்டியில் மருந்து போடும் நாள் அதுதான் என்பது ஊருக்கே தெரியும். அவருக்கும் தெரியும்.

"ரெண்டு ஜாடி வைப்போம் சார்" என்றான் முதல் பெஞ்சுப் பையன். "ஒண்ணுல கிணத்துத் தண்ணி. ஒண்ணுல இந்தத் தண்ணி. எதுல சாகுதுன்னு பார்ப்போம்."

"இந்தத் தண்ணியில வேண்டாம்" என்றாள் இசக்கிப்ரியா.

"ஏம்மா?" என்றார் ஞானதிரவியம்.

"அதான் சார் செஞ்சு பார்த்தாச்சே. உங்க எட்டு, எங்க வீட்ல மூணு. பதினொண்ணு போதும்."

அவர் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டார். சாக்பீஸை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். எதுவும் எழுதவில்லை.

கிணற்றுத் தண்ணீர் ஜாடியை மட்டும் வைத்தார்கள். யார் மீனை விடுவது என்ற பேச்சு வந்தபோது பிள்ளைகள் இசக்கிப்ரியாவைப் பார்த்தார்கள். அவள் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு மீன் இருந்த டப்பாவுக்குள் கையை விட்டாள்.

மூன்று திங்கள்கிழமை தாண்டியும் அந்த மீன்கள் நீந்திக்கொண்டிருந்தன.

ஒருநாள் அவளுடைய அம்மா பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றார்.

"சார், பிள்ளைங்ககிட்ட சொன்னீங்களாம். எங்க நாத்தனார்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லிருங்க. இவ சொன்னா நம்ப மாட்டேங்கிறாங்க."

அன்று சாயங்காலம் ஞானதிரவியம் அந்த வீட்டுக்குப் போனார். அத்தை முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். ஞானதிரவியம் வாசலில் நின்றபடியே சொன்னார். அத்தை கடைசிவரை கேட்டார். முறத்தைக் கீழே வைக்கவில்லை.

"படிச்ச சாரு நீங்க" என்றார் அத்தை.

அந்த மூன்று வார்த்தைகளோடு அவர் வீட்டுக்கு நடந்தார். எதிரே வந்தவர்கள் வணக்கம் சொன்னார்கள். பதிலுக்குக் கை தூக்க வெட்கமாக இருந்தது.

பதினோரு பள்ளிக்கூடத்துக்கும் தன் கையால் கடிதம் எழுதினார். உங்களுக்கு வந்த சார்ட்டில் எட்டு மீன்கள் விடுபட்டுள்ளன, அவை செத்துவிட்டன, மறைத்தது நான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். நான்கு பள்ளியிலிருந்து பதில் வந்தது. நான்கிலும் ஒரே செய்தி. எங்கள் மீன்களும் செத்தன, நாங்களும் மாற்றித்தான் வைத்தோம்.

அதன் பிறகு பல சனிக்கிழமைகள் அவர் பாலத்தைத் தாண்டவில்லை. சண்முகவடிவும் ஆள் விட்டுக் கேட்கவில்லை. அரையாண்டுத் தேர்வு முடிந்த பிறகு ஒருநாள் ஞானதிரவியம் வந்தார். ஆள் கொஞ்சம் இளைத்திருந்தார். சண்முகவடிவு ஸ்டூலை எடுத்துப் போட்டார்.

"உடம்பு சரியில்லையா சார்?"

"உடம்புக்கு ஒண்ணுமில்ல டீச்சர்."

"பிள்ளைங்க?"

"நல்லா இருக்காங்க. மரியாதையெல்லாம் குறையல. முன்னைக்கு இப்ப நல்லாவே படிக்கிறாங்க."

"அப்புறம் என்ன?"

அவர் கொஞ்ச நேரம் விரலை நெட்டி முறித்துக்கொண்டிருந்தார்.

"அந்த இசக்கிப்ரியா இருக்காள்ல. நான் என்ன சொன்னாலும் எழுந்துக்கிறா. மண்புழு மண்ணைத் தின்னும்னா, 'நீங்க பார்த்தீங்களா சார்'ங்கிறா. பௌர்ணமிக்கு நிலா சாயங்காலமே கிழக்க வரும்னா, 'நீங்க பார்த்தீங்களா சார்'ங்கிறா. கிண்டலும் இல்ல, கோவமும் இல்ல. சாதாரணமாத்தான் கேட்கிறா. இப்ப மத்ததுங்களும் அப்படியே கேட்குதுங்க."

"நீங்க என்ன சொல்றீங்க?"

"பார்த்திருந்தா பார்த்தேன்னு சொல்றேன். இல்லைன்னா இல்லைங்கிறேன். பாதிக்கு மேல இல்லைன்னுதான் சொல்ல வேண்டியிருக்கு. அப்புறம் எல்லாரும் சேர்ந்து போய்ப் பார்க்கிறோம்."

"சரி."

"ஆனா ஒவ்வொரு தடவை அவ எழுந்துக்கிறப்பவும் எனக்கு அந்த எட்டு மீனும் ஞாபகம் வந்துருது டீச்சர். தலையைத் தூக்க முடியல. வகுப்புக்குள்ள போகும்போதே, இன்னைக்குக் கேட்பாளோன்னு இருக்கு." அவர் நிமிர்ந்து சண்முகவடிவைப் பார்த்தார். "அவ எப்ப டீச்சர் இதை நிறுத்துவா?"



"நிறுத்திட்டான்னா எனக்கு உடனே சொல்லி அனுப்புங்க சார். அன்னைக்கே பாலத்தைத் தாண்டி வரேன்."

"எதுக்கு டீச்சர்?"

"அந்தப் பிள்ளையை நீங்க என்ன செஞ்சீங்கன்னு கேட்க."